உறுமிக்காரருக்கு மெட்டில் பங்கு உண்டா?

உறுமிச்சத்தம்:
எங்கள் குழு ஐந்தாண்டுகளுக்கு முன் பதிவு செய்த அம்மன் பாடல், இன்று மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் கோயில் திருவிழாக்களில் எல்லாம் ஒலிக்கிறது. அதன் உரிமைப் படிவத்தில் வரிகளுக்கு 50 விழுக்காடு, மெட்டுக்கு 50 விழுக்காடு என்று எழுதப்பட்டிருக்கிறது. உறுமி வாசித்த நான்கு பேருக்கும் அன்று ஆளுக்கு 200 வெள்ளி (ரிங்கிட்) கையில் கொடுத்ததோடு கணக்கு முடிந்துவிட்டது. குரல் எழும்பும் முன் வளைந்த குச்சி தோலில் இழைந்து முனகும் அந்த முதல் எட்டு விநாடியை ஒத்திகையில் உருவாக்கியவர்கள் நாங்கள். அந்த ஓசை கேட்டவுடன்தான் அருள் வந்து ஆடுகிறார்கள். மெட்டில் எங்களுக்கு ஒரு விழுக்காடுகூட இல்லை என்பது எப்படி நியாயம்?

மெட்டுக்காரர்:
அண்ணே, உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வெவ்வேறு உரிமைகளை ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறீர்கள். 1987ஆம் ஆண்டு மலேசியக் காப்புரிமைச் சட்டத்தில் பாடல் என்ற படைப்பு ஒன்று, அதன் ஒலிப்பதிவு மற்றொன்று, பாடியவர் வாசித்தவர்களின் உரிமை மூன்றாவது. பாடல் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும், அவர்கள் மறைந்த பின் 50 ஆண்டுகள் வரை வாரிசுகளுக்கும் உரியது. வெளியான ஒலிப்பதிவை வானொலியிலோ பொது இடத்திலோ பயன்படுத்தினால், அதில் வாசித்த கலைஞருக்கு நியாயமான ஊதியம் தர வேண்டும் என்பதையும் அதே சட்டம் சொல்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது அதைத்தான். வாசித்தவர் எல்லாரும் மெட்டில் பங்கு கேட்டால், இரவெல்லாம் விழித்து மெட்டுப் போட்டவனுக்கு என்ன மிஞ்சும்?

வாழையிலைக்கடை:
நான் கடையில் பாட்டுப் போட ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டுகிறேன். ஆனால் என் கடையில் எந்தப் பாடல் ஓடியது என்று இதுவரை யாரும் வந்து குறித்துக்கொண்டு போனதில்லை. அந்தப் பணம் உங்கள் இருவரில் ஒருவரையாவது வந்து சேர்கிறதா?

உறுமிச்சத்தம்:
தம்பி, மற்றக் குழுக்கள் நம் பாடலைத் திருவிழாவில் வாசிக்கும்போது உங்கள் மெட்டை மட்டுமா எடுக்கிறார்கள்? அந்த எட்டு விநாடியையும் அப்படியே எடுக்கிறார்கள். வேறொருவர் திரும்ப வாசிக்கக்கூடிய ஒன்று, வெறும் வாசிப்பு அல்ல, அது படைப்பு. இந்தியாவிலும் கவிஞர்களும் இசையமைப்பாளர்களும் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு உரிமையை எழுதிக் கொடுத்த காலம் இருந்தது. 2012இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான், திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்கான ராயல்டியில் அவர்களுடைய சம பங்கை யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று ஆனது. ஒரே தடவை கொடுத்த பணத்தால் உரிமை தீர்ந்துவிடாது என்ற அந்த நியாயம், 200 வெள்ளி வாங்கிய எங்களுக்கு மட்டும் பொருந்தாதா?

ஒலிக்கூடம்:
இருவரும் பெரிய தொகையை மனத்தில் வைத்துப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலான இசைச் செயலிகளில் சந்தாப் பணம் முழுவதும் ஒரே பானையில் சேர்ந்து, மொத்தக் கேட்பு எண்ணிக்கையில் ஒரு பாடலின் விகிதப்படி பிரிகிறது. நம் தோட்டத்து வீடுகள் அம்மன் பாடலை மட்டுமே கேட்டாலும், அவர்கள் கட்டும் சந்தா அந்தப் பாடலுக்கே வந்து சேராது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், 12 மாதங்களில் 1,000 முறை கேட்கப்படாத ஒலிப்பதிவுக்கு ராயல்டியே கிடையாது. இந்தச் சிறு தொகைக்குப் பின்னால் சண்டை வராமலிருக்க, யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் யாரையும் என் கூடத்தில் இனிப் பதிவு செய்வதாக இல்லை.

மெட்டுக்காரர்:
நம் ஊர் அரசியல் தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளி கட்டிய பணம் அவரவர் பெயரில் பங்காக எழுதப்பட்டது. அப்படி எழுதப்பட்ட பங்கைத்தான் நான் மதிக்கிறேன். அந்த எட்டு விநாடி உங்களுடையது என்பதற்குச் சான்று இருந்தால், என் 50 விழுக்காட்டில் 10ஐ விட்டு 40 வைத்துக்கொள்கிறேன். வாசித்தவர் எல்லாருக்கும் மெட்டில் பங்கு என்ற பொது விதியை மட்டும் ஏற்க மாட்டேன்.

உறுமிச்சத்தம்:
ஒத்திகையில் கைப்பேசியில் பதிந்த ஒலி, தேதியோடு என்னிடம் இருக்கிறது. நீங்கள் மெட்டைப் பாடிக் காட்டுவதற்கு முன்பே அந்த முனகல் அதில் கேட்கிறது. நீங்கள் விட்டுக்கொடுக்கும் பத்தாக அதை வாங்க எனக்கு மனமில்லை. கூட்டுப் படைப்பாளர் என்று எங்கள் நான்கு பேர் பெயரையும் எழுதுங்கள். ஒருவர் இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறார். தீபாவளிக்கு வரும்போது அவருடைய கையெழுத்தையும் வாங்கிவிடலாம்.