சாக்கடலில் மிதக்கக் காசு வேண்டாம், குளிக்கத்தான் வேண்டும்

ஜோர்டான் போகிறவர்களிடம் எல்லாரும் சொல்வது, சாக்கடல் கரையில் ஏதாவது பெரிய ஹோட்டலில் பகல் நேர பாஸ் வாங்கிக்கொள் என்றுதான். விலையைப் பார்த்தால் எண் சின்னதாகத் தெரியும். ஜோர்டான் பணமான தினார் ஒன்று 1.41 டாலர், அதை ரூபாயில் போட்டுப் பார்த்தால்தான் தலை சுற்றும். பாறையில் குடைந்த பழைய நகரமான பெட்ராவுக்காக நாம் வாங்கும் ஜோர்டான் பாஸ் என்ற சுற்றுலாச் சீட்டும் இந்தக் கடற்கரைகளுக்குச் செல்லாது.

நாங்கள் தலைநகர் அம்மானில் ஹாஸ்டலில் சந்தித்த நாலு பேர் சேர்ந்து ஒரு டாக்ஸி பேசினோம். போய், காத்திருந்து, திரும்பக் கூட்டிவருவது வரை ஒரே தொகை. ஏறுவதற்கு முன்பே காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள், இல்லையென்றால் கரையில் நின்றுகொண்டு பேரம் பேச வேண்டிவரும். அம்மான் மலை நகரம், கடலோ கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 440 மீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் அவ்வளவு இறக்கம், அதனால் காது நன்றாக அடைத்துக்கொள்கிறது. வழியில் செக்போஸ்ட் இருக்கிறது, பாஸ்போர்ட்டை ஹாஸ்டலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

ஹோட்டல்களைத் தாண்டித் தெற்கே முஜிப் பள்ளத்தாக்குப் பக்கம் போகும் சாலையில், உள்ளூர்க் குடும்பங்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கும் இடங்கள் உண்டு. டிக்கெட் கிடையாது, காவலும் கிடையாது. பாறைச் சரிவில் இறங்கினால் பிளாஸ்டிக் பாட்டில், கரி அடுப்பின் மிச்சம், ஈ. இதைச் சொல்லாமல் நீல நிறத் தண்ணீர்ப் படத்தை மட்டும் போடுவது நியாயமில்லை. கரையில் உப்பு கல்லாக இறுகிக் கிடக்கிறது, வெறுங்காலில் நடந்தால் கிழித்துவிடும், ரப்பர் செருப்பைத் தண்ணீருக்குள்ளும் கழற்ற வேண்டாம்.

இடுப்பளவு ஆழம் போய் மெதுவாக உட்காருவதுபோலச் சாய்ந்தால் போதும், கால் தானாக மேலே வந்துவிடும். உப்பு சுமார் 34 சதவீதம், சாதாரணக் கடலைப்போலப் பத்து மடங்கு கிட்ட. நம் உடம்பைவிடத் தண்ணீர் கனம், அதனால் மூழ்க நினைத்தாலும் முடியாது. ஆனால் மூழ்க முடியாது என்பதை நம்பி நீச்சல் தெரிந்தவர்கள் குப்புறப் படுத்துவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து. இடுப்பும் காலும் மேலே தூக்க, முகம் உள்ளே போகும், திரும்பி நிமிர்வது சுலபமில்லை. எங்களில் ஒருவர் அப்படிச் செய்து, மூக்கில் ஏறிய தண்ணீரோடு வெகு நேரம் கரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு துளி நாக்கில் பட்டது எனக்கு. கரிப்பைவிடக் கசப்புதான் அதிகம், விளக்கெண்ணெய் தடவின மாதிரி கையெல்லாம் ஒரு வழுவழுப்பு. அந்த உப்பில் மக்னீசியம் குளோரைடுதான் பெரும்பங்கு, சாப்பாட்டு உப்பு மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். முந்தின நாள் சவரம் செய்யாதீர்கள், வெள்ளி மோதிரம் இருந்தால் கழற்றிவிடுங்கள், கறுத்துவிடும்.

இருபது நிமிடம் போதும், அதற்கு மேல் தோல் எரியத் தொடங்கும். அப்புறம்தான் ஹோட்டல்காரர்கள் எதற்குக் காசு வாங்குகிறார்கள் என்று புரிகிறது. ஷவருக்கு! உப்பு காய்ந்தால் உடம்பு முழுக்க அரிப்பு, டாக்ஸிக்காரரும் அப்படியே ஏற விடமாட்டார். ஆளுக்கு இரண்டு 5 லிட்டர் கேன் தண்ணீரை அம்மானிலேயே வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு போனோம். ஒரு கேன் தலைக்கும் கண்ணுக்கும், இன்னொன்று மற்றதுக்கு. சின்னக் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் இந்தச் சிக்கனம் பார்க்க வேண்டாம், சரிவில் கேனோடு இறங்கி ஏறுவது அவர்களுக்குச் சரிப்படாது.

கரையை விட்டு விலகி ஆளில்லாத இடத்தில் உலாவவும் வேண்டாம். ஜோர்டான் ஆற்றுத் தண்ணீரைப் பல பக்கமும் திருப்பிவிடுவதால் கடல் ஆண்டுக்குச் சுமார் ஒரு மீட்டர் இறங்கிக்கொண்டே போகிறது. பின்வாங்கிய இடத்தில் நிலத்தடி நன்னீர் உள்ளே இருக்கும் உப்புப் படிவத்தைக் கரைக்க, மேல்மண் திடீரென்று குழியாக உள்வாங்குகிறது. எதிர்க்கரையில் ஐன் கெடி என்ற ஊரின் பொதுக் கடற்கரையை மூடியதும் இதனால்தான்.

அந்தப் பக்கம், இஸ்ரேலில், ஐன் போகெக் என்ற இடத்தில் கடற்கரையும் இலவசம், ஷவரும் இலவசம், ஜெருசலேமிலிருந்து பஸ்ஸும் உண்டு. ஆனால் அது அசல் கடலே இல்லை. தென்பகுதி வற்றிப்போனதால் வடக்கிலிருந்து பம்ப் செய்து நிரப்பும் உப்புப் பாத்திதான். மிதப்பது என்னவோ அங்கேயும் அதே மாதிரிதான்.