கொரோனா பணம் என்று வந்த கிசான் பணம்

காட்டுமன்னார்கோயில் வட்டத்தில், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். பாஸ்புக்கில் அச்சாகியிருப்பதைப் படித்துச் சொல்லும்படி தெருக்காரர்கள் இன்றும் என்னிடம் வருவார்கள். அதனால், நிலம் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு மத்திய அரசு தவணையாகப் பணம் போடும் பி.எம். கிசான் திட்டத்தின் முறைகேடு 2020 ஆகஸ்டில் செய்தித்தாள்களில் வெடிப்பதற்கு முன்பே அதன் ஒரு நுனி என் கண்ணில் பட்டது.

பாஸ்புக்கை நீட்டியவர் எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மாள். அவருக்கு ஒரு குழி நிலமும் கிடையாது. ஆயினும் விவசாயிகளுக்கான உதவித்தொகை 2,000 ரூபாய் அவர் கணக்கில் ஏறியிருந்தது. கேட்டபோது, "கொரோனா பணம்னு சொன்னாங்க சார். ஆதார் ஜெராக்ஸும் பாஸ்புக் ஜெராக்ஸும் வாங்கிட்டுப் போனாங்க. பணம் ஏறினதும் அந்தத் தம்பிக்கு ஆயிரம் கொடுத்துட்டேன்" என்றார். அந்தத் தம்பி யார் என்பது தெருவுக்கே தெரியும். கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர்.

அம்மாள் நம்பியதில் வியப்பில்லை. அந்த ஏப்ரலில் அரிசி குடும்ப அட்டைக்கு மாநில அரசு 1,000 ரூபாய் கொடுத்திருந்தது. ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மத்திய அரசு மூன்று மாதம் 500 ரூபாய் வீதம் போட்டது. ஊரடங்கில் எந்தப் பணம் எந்தத் தலைப்பில் வருகிறது என்று யார் விசாரிப்பார்கள்?

நடந்த விதம் எளிமையானது. விண்ணப்பங்களைச் சரிபார்த்து ஏற்க வேளாண்மைத் துறை அதிகாரிகளுக்குத் தரப்பட்டிருந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வெளியாட்களின் கைக்குப் போய், தனியார் கணினி மையங்களில் இருந்தபடியே நிலமற்றவர்களும் விவசாயிகளாகப் பதிவு செய்யப்பட்டார்கள். பட்டா, சிட்டா எதையும் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. செப்டம்பரில் வேளாண்மைத் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி, தகுதியற்ற ஏறத்தாழ ஐந்தரை லட்சம் பேருக்கு 110 கோடி ரூபாய் போயிருப்பதாகவும், 32 கோடி மீட்கப்பட்டதாகவும், ஒப்பந்தப் பணியாளர் 80 பேர் நீக்கப்பட்டு, 34 பேர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதாகவும் அறிவித்தார். அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் எங்கள் கடலூரும் ஒன்று. வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் போனது.

பணத்தை மீட்ட முறையைத்தான் நான் மறக்க முடியாமல் இருக்கிறேன். வங்கிக் கணக்கிலிருந்தே தொகை பிடிக்கப்பட்டது. அம்மாள் கைக்கு வந்தது ஆயிரம்; கணக்கிலிருந்து போனது இரண்டாயிரம். கமிஷனாகக் கொடுத்த ஆயிரத்துக்கு ரசீதா இருக்கிறது, திருப்பிக் கேட்க? அந்தத் தம்பி சில வாரங்கள் ஊரில் தென்படவில்லை. பிறகு வந்தார், இப்போது வேறு ஏதோ பதிவு செய்து தருகிறார்.

கடவுச்சொல் கசிந்ததோடு கதையை முடித்துவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2019 பிப்ரவரி 1 அன்று இடைக்கால பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட திட்டம் இது; 2018 டிசம்பரிலிருந்தே அமலுக்கு வந்ததாகக் கணக்கிட்டு, அறிவித்த மாதம் முடியும் முன்பே, மக்களவைத் தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கையில், முதல் தவணை வழங்கப்பட்டது. அந்த வேகத்துக்காக முதல் தவணைக்கு ஆதார்கூடக் கட்டாயமாக்கப்படவில்லை. பயனாளி தானே அளிக்கும் உறுதிமொழி போதும் என்று வைத்தார்கள். தேர்தல் முடிந்ததும், ஐந்து ஏக்கர் வரை நிலம் உள்ளவர்களுக்கே என்றிருந்த வரம்பும் எடுக்கப்பட்டது. எத்தனை லட்சம் பேருக்குப் பணம் போனது என்பது மேடையில் சொல்லத்தக்க எண். எத்தனை பேரைத் தகுதியில்லை என்று நிறுத்தினோம் என்பதைச் சொல்லி எந்தக் கட்சியும் ஓட்டுக் கேட்டதில்லை. பட்டியலை நீளமாக்கிய அதிகாரி பாராட்டப்படுகிறார், நிறுத்தி வைத்தவரோ மனுநீதி நாளில் மக்களுக்குப் பதில் சொல்கிறார். மாநிலத்தில் எந்தக் கட்சி இருந்தாலும் இதே நிலைதான். நான் வேலை பார்த்த காலத்தில் கடன் தள்ளுபடிப் பட்டியல்களிலும் இதையே கண்டேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். வீராணம் ஏரித் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் கோயில் நிலத்தையும் வெளியூர்க்காரர் நிலத்தையும் வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்து நடவு செய்பவர்கள் ஏராளம். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பதிவு செய்யக் கேட்டால் அடுத்த பருவத்துக்கு நிலம் கிடைக்காது என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. பதிவு செய்திருந்தாலும் இந்தத் திட்டத்தில் பயனில்லை, ஏனென்றால் நிலம் தன் பெயரில் இருப்பவருக்கே ஆண்டுக்கு 6,000 ரூபாய். வயலில் இறங்காமல் சென்னையில் இருக்கும் பட்டாதாரர் வருமான வரி கட்டாதவராக, அரசு ஊழியராக இல்லாதவராக இருந்தால் அவருக்குக் கிடைக்கிறது. சம்பா பயிரில் இரவு முழுக்கத் தண்ணீர் கட்டும் குத்தகைக்காரருக்கு இல்லை. அந்த முறைகேட்டுக்குப் பிறகு சரிபார்ப்பு இறுகியது, மின்னணு முறையில் அடையாளச் சரிபார்ப்பும் கட்டாயமாயிற்று. குத்தகைக்காரர் பற்றிய விதி மட்டும் அப்படியே இருக்கிறது.