தொட்டியில் படர்ந்த மார்கான்ஷியா மேல் குட்டிக் கிண்ணங்கள், இவை விதையா?

கேள்வி:
நர்சரியில் வாங்கிய பெரணித் தொட்டியில் மண்ணோடு ஒட்டி, பச்சைத் தகடு மாதிரி ஒன்று படர்ந்திருக்கிறது, மார்கான்ஷியா என்று நினைக்கிறேன். மேலே விளிம்பில் பல் வைத்த சின்னக் கிண்ணங்கள், உள்ளே பச்சைத் துணுக்குகள். பக்கத்துத் தொட்டியிலும் வந்துவிட்டது. இவை விதையா?

பதில் 1:
விதை இல்லைங்க, மார்கான்ஷியா லிவர்வோர்ட் என்ற பூக்காத சின்னச் செடி வகை, அதற்கு விதையே கிடையாது. அந்தப் பச்சைத் துணுக்குகள் ஜெம்மாக்கள், ஒவ்வொன்றும் தனிச் செடியாக வளரும். கிண்ணத்தின் அடியில் உள்ள செல்கள் பிரிந்து உருவாவதால், ஆண் பெண் சேர்க்கை இல்லாமலே தாய்ச்செடியின் அச்சு அசல் நகல்கள். லென்ஸில் பாருங்கள், தட்டையான துணுக்கின் இரண்டு பக்கமும் ஒரு சின்னப் பள்ளம் தெரியும், வளர்முனை அங்கேதான், அதனால் ஒரே ஜெம்மா எதிரெதிர்த் திசையில் வளர ஆரம்பிக்கும். மழைத்துளி விழுந்தால் தெறித்து வெளியே போகும், உங்கள் பூவாளியும் அதையேதான் செய்கிறது.

பதில் 2:
எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்: கிண்ணத்துக்குள் இருக்கும்வரை ஜெம்மா முளைக்காது, தாய்ச்செடியின் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் அடக்கி வைத்திருக்கிறது. அப்புறம் மார்கான்ஷியாவில் ஆண், பெண் தனித்தனிச் செடி. ஒன்று மட்டும் வந்து சேர்ந்தாலும் ஜெம்மாவை வைத்தே தொட்டி முழுக்கப் பரவிவிடும். கிண்ணம் பிறை வடிவில் இருந்தால் அது லுனுலேரியா என்ற வேறொரு லிவர்வோர்ட்.

கேள்வி கேட்டவர்:
வட்டம்தான், பிறை இல்லை. சரி, ஈரச் சுவரில் பச்சையாகப் படரும் மாஸுக்கும் இப்படி உண்டா?

பதில் 3:
டெட்ராஃபிஸ் என்ற மாஸில் தண்டு நுனியில் இலைகளே கிண்ணம் மாதிரி அமைந்து ஜெம்மாவைத் தாங்கும். பல மாஸ்களுக்கு அதுகூட வேண்டாம், உடைந்த இலைத்துண்டு ஈரத்தில் கிடந்தாலே பச்சை இழைகள் கிளம்பி, அதிலிருந்து புதுச்செடி வந்துவிடும். பரவக்கூடாது என்றால் மேலே ஊற்றாமல் அடித்தட்டில் தண்ணீர் வையுங்கள்.