நியூ யுனிவர்ஸ்: முழுசாகச் சேர்க்கணுமா, டி.பி.7 மட்டும் போதுமா?

மஞ்சள்தாள் எழுதியது:

மார்வெல் காமிக்ஸின் நியூ யுனிவர்ஸ் வரிசையில் மொத்தமே 174 இதழ்கள்தான். எட்டுத் தலைப்புகளின் மாத இதழ்கள் 164, வருட மலர்கள் 4, அப்புறம் தனி வெளியீடுகளான 'தி பிட்', 'தி டிராஃப்ட்', நான்கு பாகமாக வந்த 'தி வார்'. இதை ஒன்று விடாமல் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. நாலு இதழைப் புரட்டிவிட்டு "குப்பை" என்று ஒதுக்குகிறவர்களுக்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாக: மார்வெலின் ஃபென்டாஸ்டிக் ஃபோர் காமிக்ஸ் வந்து 25 வருடம் ஆனதையொட்டி 1986-ல் அப்போதைய தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் ஆரம்பித்தது. ஸ்பைடர்மேனோ தோரோ எட்டிப்பார்க்காத தனி உலகம். "உங்கள் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் உலகம்" என்றுதான் விளம்பரமே செய்தார்கள். 1986 ஜூலை 22 அன்று வானம் முழுக்க ஒரு வெள்ளை ஒளி, கொஞ்ச நேரம்தான், அதற்கப்புறம் அங்கங்கே சிலருக்கு ஏதேதோ ஆக ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் அந்த உலகத்தில் வேற்றுக்கிரகவாசி கிடையாது, மந்திரம் கிடையாது, முகமூடி போட்டவன் கூரைமேல் நிற்பதும் கிடையாது. முக்கியமான விஷயம், காலம் நகரும். வாசகனுக்கு ஒரு மாதம் போனால் கதைக்குள்ளும் ஒரு மாதம் போயிருக்கும்.

அப்படி ஆரம்பித்து, வளர்ந்து, முடிந்தும் போன ஒரு சூப்பர்ஹீரோ உலகம் எத்தனை இருக்கிறது சொல்லுங்கள்? மற்றதெல்லாம் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது, யார் செத்தாலும் திரும்பி வருவான். இங்கே செத்தால் செத்ததுதான், பெரும்பாலும். அதனால்தான் முழுசாகச் சேர்க்கச் சொல்கிறேன், மாத வரிசைப்படி.

மாயாவிதாசன் எழுதியது:

நண்பரே, கணக்கு சரி, கட்சிதான் தப்பு. எட்டுத் தலைப்பில் நாலு ஒரு வருடம் தாண்டவில்லை. கிக்கர்ஸ் இன்க், நைட்மாஸ்க், மார்க் ஹசார்ட் மூன்றும் 12 இதழோடு காலி, ஸ்பிட்ஃபயர் முக்கி முனகி 13. அதுவும் நடுவில் பெயரை மாற்றிப் பார்த்தும் தேறவில்லை. கிக்கர்ஸ் இன்க் என்பது என்ன தெரியுமா? அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்கள் ஓய்வு நேரத்தில் ஊருக்கு உதவி செய்கிறார்கள். அவ்வளவுதான் கதை. இதையும் பையில் போட்டு அட்டை வைத்துப் பாதுகாக்கச் சொல்கிறீர்களா?

அப்புறம் அந்த "ஜன்னலுக்கு வெளியே" வாக்குறுதி. முதல் மாதத்திலேயே அதை மீறிவிட்டார்கள். ஸ்பிட்ஃபயரில் எம்.ஐ.டி. பேராசிரியை ஒருத்தி ராட்சச இரும்புக் கவசத்துக்குள் ஏறி உட்கார்ந்து பறக்கிறாள். என் ஜன்னலுக்கு வெளியே அப்படி யாரும் பறந்து நான் பார்த்ததில்லை. ஜஸ்டிஸ் இன்னும் மோசம், வேறு பரிமாணத்திலிருந்து வந்த வீரனாம், கையிலிருந்து ஒளி வருமாம். மந்திரம் இல்லாத உலகம் என்று சொல்லி மூச்சுவிடுவதற்குள் மந்திரவாதி வந்தாயிற்று.

எட்டில் டி.பி.7 என்கிற தலைப்பின் 32 இதழும் அதன் வருட மலரும் வாங்குங்கள், படியுங்கள், சந்தோஷமாக இருங்கள். மீதியெல்லாம் எண்ணிக்கையை நிரப்புகிற வியாதி.

மஞ்சள்தாள் எழுதியது:

ஜஸ்டிஸ் பற்றி அரைக்கதை சொன்னால் எப்படி? இரண்டாம் வருடத்தில் எழுத்தாளர் பீட்டர் டேவிட் கைக்கு அது போனதும் என்ன செய்தார்? அந்த வேறு பரிமாணம், ராஜ்யம், வீரர்கள் எல்லாமே அவன் மண்டைக்குள் ஏற்றப்பட்ட பொய், உண்மையில் அவன் ஜான் டென்சன் என்கிற போதைப்பொருள் தடுப்பு அதிகாரி என்று திருப்பிவிட்டார். முதல் பதினாலு இதழையும் ஒருவன் நிஜமென்று நம்பிப் படித்திருந்தால்தான் அந்தத் திருப்பம் நெஞ்சில் குத்தும். உங்கள் கணக்குப்படி பதினைந்தாம் இதழிலிருந்து வாங்குகிறவனுக்கு அது வெறும் தகவல்.

ஸ்பிட்ஃபயரும் அப்படித்தான். அந்தப் பேராசிரியை ஜென்னி ஸ்வென்சன் பிற்பாடு 'தி பிட்'டில் வருகிறாள், அங்கே அவள் தோலே உலோகமாகிப் போகிறது. கவசத்துக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவள் அதற்கப்புறம் கழற்றவே முடியாத ஒன்றுக்குள் மாட்டிக்கொள்கிறாள். 13 இதழ் அவளோடு நடந்தவனுக்குத்தான் அந்தப் பக்கத்தில் கை நிற்கும். மோசமான இதழ்களும் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான், எண்ணிக்கைக்காக இல்லை.

மற்றபடி ஆரம்பத்திலேயே தடுமாறியது உண்மை. பணத்தை வெட்டிவிட்டார்கள் என்று ஷூட்டரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெரிய எழுத்தாளர்களை ஒரே தலைப்பில் நிலையாக வைத்திருக்க முடியவில்லை. ஆள் மாறிக்கொண்டே இருந்தது பக்கத்தில் தெரியும்.

இரவுப்பூனை எழுதியது:

இரண்டு பேரும் டி.பி.7 நல்லது என்று தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறீர்கள். ஏன் நல்லது என்று யாராவது சொன்னீர்களா? நான் சொல்கிறேன்.

விஸ்கான்சினில் அமானுஷ்ய சக்தி வந்தவர்களுக்கென்று ஒரு மருத்துவ நிலையம். அங்கே சிகிச்சைக்கு வந்த ஏழு பேர், அந்த இடமே சரியில்லை என்று தெரிந்ததும் தப்பி ஓடுகிறார்கள். உலகத்தைக் காப்பாற்றும் எண்ணம் ஒருத்தருக்கும் இல்லை. ஜெஃப் என்கிற பையனின் உடம்பு எந்நேரமும் அதிர்ந்துகொண்டே இருக்கிறது, முகம்கூடத் தெளிவாகத் தெரியாது, அந்த வேகத்துக்கு ஈடுகட்டச் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வயதான லெனோரின் தோல் ஒளிர்கிறது, அந்த ஒளி பட்டால் பக்கத்தில் இருப்பவர் சுருண்டு விழுவார், அதனால் அந்தம்மா தலை முதல் கால்வரை துணியைச் சுற்றிக்கொண்டேதான் நடமாட வேண்டும். ஒரு விடலைப் பையன், டென்னிஸ், தோலில் அமிலம் ஊறுகிறது, போட்ட சட்டை புகைந்து அரித்துப்போகும். இவர்கள் எல்லாரும் ஒரே காரில் ஏறி ஓட வேண்டும் என்றால் யார் யார் பக்கத்தில் உட்காருவது என்பதே பிரச்சினை. அதில்தான் கதை நிற்கிறது. 32 இதழையும் மார்க் க்ரூன்வால்ட் ஒருவரே எழுதினார், பெரும்பாலான இதழ்களைப் பால் ரயனே வரைந்தார். மற்றத் தலைப்புகளுக்குக் கிடைக்காத கொடுப்பினை அது.

எனக்கு இதற்கு மேல் நியூ யுனிவர்ஸ் தேவைப்படவில்லை. குறிப்பாக 'தி பிட்' தேவையே இல்லை. நல்ல உலகத்தைக் கெடுத்ததே அதுதான்.

ஒண்ணாம்நம்பர் எழுதியது:

என்னங்க எல்லாரும் கதை கதை என்று பேசிக்கொண்டே இருக்கிறீர்கள். எட்டுத் தலைப்பில் ஒன்றான ஸ்டார் பிராண்டின் முதல் இதழை நல்ல நிலையில் நாலைந்து வாங்கிப் போடுங்கள். எழுத்தாளர் ஜொனாதன் ஹிக்மன் 2013-ல் ஸ்டார் பிராண்ட் சக்தியை அவெஞ்சர்ஸ் காமிக்ஸுக்குள் கொண்டுவந்தாரே, எப்போதாவது படத்தில் வந்தால் விலை எகிறும். ஸ்பிட்ஃபயர் 4-ஐயும் விடாதீர்கள், ஓவியர் டாட் மெக்ஃபார்லேன் பிரபலமாவதற்கு முன்னால் வரைந்தது. மீதியைப் பழைய பெட்டிகளில் கொட்டி வைத்திருக்கிறார்கள், யாரும் சீண்டுவதில்லை.

இரவுப்பூனை எழுதியது:

படம் வரும் வரும் என்று காத்திருந்து பெட்டி பெட்டியாக வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்தாயிற்று. மஞ்சள்தாள் அண்ணே, 'தி பிட்' விஷயத்துக்கு வாங்க. நீங்கள் அதைத் தவிர்த்துக்கொண்டே போகிறீர்கள்.

மஞ்சள்தாள் எழுதியது:

தவிர்க்கவில்லை, நானே அதற்குத்தான் வந்துகொண்டிருந்தேன்.

ஸ்டார் பிராண்ட் நாயகன் கென் கானெல், பிட்ஸ்பர்கில் கார் பழுது பார்க்கிறவன். அவன் உடம்பில் இருக்கும் நட்சத்திரக் குறிக்கு எல்லையே இல்லாத சக்தி. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியாது, இரண்டு பெண்களில் யாரோடு இருப்பது என்றே அவனால் முடிவெடுக்க முடியவில்லை. ஷூட்டர் எழுதிய ஆரம்ப இதழ்களின் சுவையே அந்தத் திணறல்தான், ஜான் ரொமிட்டா ஜூனியர் வரைந்து ஆல் வில்லியம்சன் மை போட்டது வேறு. 1987-ல் ஷூட்டரை மார்வெல் அனுப்பிவிட, 11-ஆம் இதழிலிருந்து ஜான் பைர்ன் வந்தார். அடுத்த இதழிலேயே கென் அந்தச் சக்தியைத் தொலைத்துவிடலாம் என்று ஊருக்கு மேலே உயரத்தில் போய், எடை தூக்கும் இரும்பு ஒன்றுக்குள் அதை இறக்கப் பார்க்கிறான். வெடிக்கிறது. பிட்ஸ்பர்க் நகரமே இல்லாமல் போகிறது, இருந்த இடத்தில் பெரும் பள்ளம். 'தி பிட்' சொல்வது அந்தக் கதையைத்தான்.

அதுவரைக்கும் எந்த சூப்பர்ஹீரோ வரிசை ஒரு நிஜ அமெரிக்க நகரத்தை அழித்துவிட்டு, அடுத்த மாதம் மீட்டுக் கொடுக்காமல் அப்படியே விட்டது? நாடு அதை எதிரியின் தாக்குதல் என்று நினைக்கிறது, ராணுவம் சக்தியுள்ளவர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கிறது, டி.பி.7 ஆட்களையும் சேர்த்துத்தான், கடைசியில் உலகப்போர் வாசலில் வந்து நிற்கிறது. எல்லையில்லாத சக்தி ஒரு சாதாரண ஆளிடம் மாட்டினால் இப்படித்தான் முடியும் என்று முதல் இதழிலேயே போட்ட கணக்குக்கு விடை அங்கே வருகிறது.

மாயாவிதாசன் எழுதியது:

விடையா, பழிவாங்கலா? ஷூட்டரின் சொந்த ஊர் பிட்ஸ்பர்க். ஷூட்டர் உருவாக்கிய நாயகன். ஷூட்டரோடு முறைத்துக்கொண்டு போட்டி நிறுவனமான டி.சி.க்குப் போன பைர்ன், அங்கே லெஜண்ட்ஸ் தொடரில் ஷூட்டரைக் கேலி செய்து சன்ஸ்பாட் என்று ஒரு பாத்திரத்தையே வரைந்தவர், தன் காலிலேயே தான் சுட்டுக்கொள்கிற பாத்திரம். அவர் வந்த இரண்டாவது இதழில் ஷூட்டரின் நாயகன் ஷூட்டரின் ஊரைச் சாம்பலாக்குகிறான். இதில் கதைத் தேவை எவ்வளவு, குரோதம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல உங்களால் முடியுமா?

மஞ்சள்தாள் எழுதியது:

முடியாது, தேவையுமில்லை. எழுதினவரின் மனசில் என்ன இருந்தால் என்ன, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'தி பிட்'டை பைர்னோடு சேர்ந்து எழுதியது உங்கள் க்ரூன்வால்ட்தான், அவருக்கு ஷூட்டர் ஊர்மேல் என்ன பகை? ஸ்டான் டிரேக் வரைந்திருக்கிறார், பத்திரிகைத் தொடர்களில் பழுத்த கை. பளபளப்பு எதுவும் இல்லாமல், விபத்து நடந்த இடத்தைச் செய்திப் படம் எடுத்தமாதிரி இருக்கும்.

இரவுப்பூனை எழுதியது:

க்ரூன்வால்ட் பெயரைச் சொன்னால் நான் அடங்கிவிடுவேன் என்று நினைத்தீர்களா? என் குறை வேறு. ஜன்னலுக்கு வெளியே இருக்கும் உலகம் என்றால் என் ஜன்னலில் இருக்கும் அதே பிட்ஸ்பர்க் அங்கேயும் இருக்க வேண்டும். அதை அழித்த நிமிடத்திலிருந்து அது இன்னொரு கற்பனை உலகம்தான், மற்ற எல்லாவற்றையும் போல. சட்டை அரித்துப்போகிற பையனின் கதையை உலகப்போர் நடுவில் வைத்தால் அவன் காணாமல் போகிறான். கட்டாய ராணுவ சேர்க்கைக்கு அப்புறம் வந்த டி.பி.7 இதழ்களில் முதல் வருடத்தின் அந்த நெருக்கம் இல்லை, நான் மூன்று தரம் படித்துப் பார்த்துவிட்டேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் படித்தவரைக்கும் இல்லை.

மஞ்சள்தாள் எழுதியது:

நெருக்கம் குறைந்தது என்பதை ஒப்புக்கொண்டாலும், காலம் நகரும் என்ற விதிப்படி இது நடந்தே ஆக வேண்டும். சக்தியுள்ளவர்கள் வந்து ஒன்றரை வருடம் ஆன பிறகும் உலகம் அப்படியே இருந்தால்தான் அது பொய். எட்டுத் தலைப்பும் சேர்ந்து அந்த ஒன்றரை வருடத்தைக் காட்டுகின்றன. மார்க் ஹசார்டையே எடுத்துக்கொள்ளுங்கள், எந்தச் சக்தியும் இல்லாத கூலிப்படைக்காரன், பத்திரிகை நின்றதும் வருட மலரில் செத்தே போகிறான். விற்பனை சரியில்லை என்பதால் கொன்றார்கள், சரி, ஆனாலும் அவன் செத்தவன் செத்தவன்தான்.

ஒண்ணாம்நம்பர் எழுதியது:

சரி, ஒரு உருப்படியான கேள்வி. எது கிடைப்பது கஷ்டம்?

மஞ்சள்தாள் எழுதியது:

முதல் ஐந்தாறு இதழ்கள் எல்லாமே தாராளமாக அச்சாயின, அதனால்தான் நீங்கள் சொன்ன பெட்டிகளில் குவிந்து கிடக்கின்றன. வாசகர் குறையக் குறைய அச்சும் குறைந்தது, 1989-ல் வந்த கடைசி இதழ்கள், அதாவது டி.பி.7, ஜஸ்டிஸ், சை-ஃபோர்ஸ் மூன்றிலும் 30, 31, 32, இவற்றைத்தான் தேட வேண்டியிருக்கும். கண்ணில் பட்டால் நிலையைப் பார்த்துத் தயங்காதீர்கள். சை-ஃபோர்ஸ் 9-ஐயும் பாருங்கள், ஃபேபியன் நிசீசா மார்வெலுக்கு எழுதிய முதல் கதை அது. ஆரம்ப மாத இதழ்களெல்லாம் 75 சென்ட் காலத்து மரக்கூழ்த் தாள், ஓரத்திலிருந்து பழுப்பேறும். மைலார் பிளாஸ்டிக் உறையும் அமிலமில்லாத அட்டையும் போட்டு, வெயில் படாமல் நிமிர்த்தி வையுங்கள். 'தி பிட்', 'தி டிராஃப்ட்', 'தி வார்' மட்டும் தடித்த முதுகு வைத்த நல்ல பதிப்பு, முதுகு மடங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். உறை போட்டால், காமிக்ஸ் அடுக்குகிற ஷார்ட் பாக்ஸ் அட்டைப்பெட்டி ஒன்றில் 150 போலத்தான் நிற்கும், இந்த வரிசை அதற்குக் கொஞ்சம் அதிகமாகிறது, அது ஒரு எரிச்சல்.

மாயாவிதாசன் எழுதியது:

கிக்கர்ஸ் இன்க் பன்னிரண்டையும் ஸ்பிட்ஃபயர் பதிமூன்றையும் தூக்கிப் போட்டால் 149. பெட்டி மூடும்.

இரவுப்பூனை எழுதியது:

ஸ்பிட்ஃபயரைத் தூக்காதீர்கள். ஜென்னி விஷயத்தில் மட்டும் அண்ணன் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. நைட்மாஸ்கைத் தூக்குங்கள், ஒருவன் அடுத்தவர் கனவுக்குள் போகிற கதை அவ்வளவு தூக்கமாக இருக்கக் கூடாது.

மஞ்சள்தாள் எழுதியது:

நைட்மாஸ்க் முதல் இதழ் ஆர்ச்சி குட்வின் எழுதியது! அதையாவது விட்டுவையுங்கள். நாளைக்கு அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், வந்து சண்டை போடுங்கள்.