லேசான எலக்ட்ரானை விட்டுவிட்டு பையான் ஏன் மியூவானாகவே சிதைகிறது?

கேள்வி:
பையான் அணுவைவிடச் சிறிய, சட்டெனச் சிதைந்துவிடும் ஒரு துகள்; மியூவான் எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள். மின்னூட்டமுள்ள பையானின் நிறை சுமார் 139.6 மெகா எலக்ட்ரான் வோல்ட். மியூவான் 105.7, எலக்ட்ரான் வெறும் 0.511. எலக்ட்ரானாகச் சிதைந்தால் எவ்வளவோ ஆற்றல் மிஞ்சும், அப்படியென்றால் அந்த வழிதானே சுலபமாக இருக்க வேண்டும்? ஆனால் 10,000-இல் ஒன்றுக்குச் சற்று மேல்தான் அப்படிப் போகிறது. பாடப்புத்தகம் 'ஹெலிசிட்டி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. யாராவது பொறுமையாகச் சொல்லுங்களேன்.

பதில் 1:
மிஞ்சும் ஆற்றலை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது, ஸ்பின்னை, அதாவது துகளுக்கே உள்ள சுழற்சியைப் பாருங்கள். அது துகள் ஓடும் திசையிலேயே இருந்தால் வலக்கை, எதிர்த் திசையில் இருந்தால் இடக்கை; ஹெலிசிட்டி என்பது இதுதான். பையானின் ஸ்பின் 0. அது சிதைந்து இரண்டு துகள்களும் நேரெதிராக ஓடும்போது அவற்றின் ஸ்பின்களைக் கூட்டினால் 0 வர வேண்டும், அதனால் ஒன்று இடக்கை என்றால் மற்றதும் இடக்கையாக இருந்தே ஆக வேண்டும். நேர்மின் பையானில் வரும் நியூட்ரினோ (மின்னூட்டமில்லாத, மிக மிக லேசான துகள்) இடக்கை. ஆக, கூட வரும் பாசிட்ரானும் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) இடக்கை. சிக்கல் இங்கேதான்: இந்தச் சிதைவை நடத்தும் வலிமை குறைந்த விசை எதிர்த்துகளை வலக்கையாகத்தான் உருவாக்கும். பாசிட்ரானுக்கு நிறையே இல்லாதிருந்தால் இந்தச் சிதைவு நடக்கவே நடக்காது. நிறை இருப்பதால் இடக்கை கொஞ்சம் கலந்து வருகிறது, நிகழ்தகவில் அது நிறையின் இருமடியாக நுழைகிறது. எலக்ட்ரான், மியூவான் நிறைகளின் விகிதத்தை இருமடியாக்கினால் 1,00,000-இல் 2.3. நீங்கள் சொன்ன மிச்ச ஆற்றல் அதைச் சுமார் 5.5 மடங்கு தூக்குகிறது, அவ்வளவுதான் அதனால் முடியும். வருவது 10,000-இல் 1.28, ஃபோட்டான் திருத்தங்களைச் சேர்த்தால் 1.23, அளந்ததும் அதுவே.

பதில் 2:
அருமையான விளக்கம். பையான் எலக்ட்ரானாகச் சிதைவதை முதலில் கண்டது 1958-இல், ஐரோப்பிய ஆய்வுக்கூடமான செர்னின் சின்க்ரோசைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில். அதற்கு முன் தேடியவர்களுக்கு அகப்படவில்லை, அதனால் வலிமை குறைந்த விசைக்கு அப்போது புதிதாக வந்திருந்த கோட்பாடே தவறோ என்ற சந்தேகம்கூட இருந்தது.

கேள்வி கேட்டவர்:
நன்றி, இப்போது தெளிவு. அப்படியென்றால் எலக்ட்ரான் வரும் எல்லாச் சிதைவுக்கும் இந்தத் தடை உண்டா?

பதில் 1:
இல்லை, இரண்டே துகள்களாகச் சிதையும்போதுதான் ஸ்பின் இப்படி மாட்டிக்கொள்ளும். பையானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான கேயானை எடுத்துக்கொள்ளுங்கள். மியூவான், நியூட்ரினோ என்று போவது சுமார் 63.6%, எலக்ட்ரான், நியூட்ரினோ என்று போவது 1,00,000-இல் 1.6 மட்டுமே. ஆனால் கூடவே ஒரு நடுநிலைப் பையானும் வந்தால் எலக்ட்ரான் வழி 5.1%, மியூவான் வழி 3.4%. மூன்றாவது துகள் வந்ததும் தடை விலகி, நீங்கள் முதலில் எதிர்பார்த்த மாதிரியே லேசானது முந்துகிறது.