கார் இல்லாமல் குரங்கணி போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. எனக்கும் தங்கைக்கும் காட்டில் நடக்கப் பிடிக்கும். கார் கிடையாது, இரண்டு பேருக்கும் வண்டி ஓட்டவும் வராது. போன வருடம் கொல்லிமலைக்கு நாமக்கல்லில் இருந்து அரசுப் பேருந்திலேயே போனோம். 70 கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் தங்கை இரண்டு முறை வாந்தி, அது வேறு கதை. ஆனால் அரப்பளீஸ்வரர் கோயில் வரை பேருந்து போகிறது, பக்கத்திலேயே ஆகாய கங்கை அருவிக்குப் படி இறங்குகிறது. 1000 படிக்கு மேல். ஏறி வரும்போதுதான் கால் யாருடையது என்று தெரியும்!

இப்போது தேனி மாவட்டத்தில் போடி பக்கம் இருக்கும் குரங்கணி - சாம்பலாறு மலையேற்றப் பாதை மேல் ஆசை. 2018-இல் மலையேறப் போனவர்கள் இறந்த காட்டுத் தீ விபத்துக்குப் பிறகு வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னாலே பயப்படுகிறார்கள். அதனால் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் போவோம்.

சிக்கல் போக்குவரத்தில்தான். சென்னையில் இருந்து போடிக்கு இரவு ரயில் இருக்கிறது, ஆனால் போய்ச் சேரவே காலை 9 மணி தாண்டிவிடும். நடை அதற்கு முன்பே தொடங்கிவிடுமே. முந்தின நாளே போய் போடியில் தங்கலாமா, குரங்கணியிலேயே இடம் கிடைக்குமா? போடியில் இருந்து குரங்கணிக்கு முதல் பேருந்து எத்தனை மணிக்கு? மாலை கடைசிப் பேருந்தை விட்டுவிட்டால் ஜீப், ஆட்டோ ஏதாவது வருமா, எவ்வளவு கேட்பார்கள்?

அப்புறம், காலில் ஏறும் அட்டைப்பூச்சிக்கு உப்பு போதுமா, மூக்குப்பொடியும் வேண்டுமா?