திரும்பத் திரும்ப வீட்டை விட்டுப் போகும் பையன்: என்ன செய்யலாம்?

கேள்வி:
எங்க பள்ளியில எட்டாம் வகுப்பு படிக்கிற பையன், வயசு 13. இந்த வருஷம் மூணு தடவை வீட்டை விட்டுப் போயிட்டான். ரெண்டு தடவை தானா வந்தான். மூணாவது தடவை எழும்பூர் ரயில் நிலையத்துல ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) பார்த்து, குழந்தைகள் நலக் குழு வழியா வீடு வந்து சேர்ந்தான். இப்போ அப்பா போனைப் பிடுங்கிட்டார், ராத்திரி கதவைப் பூட்டிச் சாவியைத் தலைமாட்டுல வெச்சுத் தூங்குறார். போலீஸ் ஸ்டேஷன்லயோ, "வழக்கமா போற பையன்தானே, வந்துடுவான்"னு அம்மாவை அனுப்பிட்டாங்களாம். மறுபடி போகாம எப்படித் தடுக்கிறது? போனா முதல்ல என்ன செய்யணும்?

பதில் 1:
டீச்சர், பூட்டை முதல்ல எடுக்கச் சொல்லுங்க. பூட்டின வீட்டுப் பையன் பள்ளிக்கு வர்ற வழியில போவான். போனும் கையில இல்லைன்னா அவனைத் தேட இருக்கிற ஒரே நூலும் அறுந்துடும்.

மூணு தடவையும் என்ன கிழமை, முந்தின நாள் வீட்டுலயும் வகுப்புலயும் என்ன நடந்தது, எதை எடுத்துட்டுப் போனான்னு ஒரு தாள்ல எழுதுங்க. சார்ஜரும் மாத்துத் துணியும் காணோம்னா முன்னாடியே முடிவு பண்ணிப் போயிருக்கான். போட்ட சட்டையோட போயிருந்தா பெரும்பாலும் கோபம், பயம். சம்பள நாள் ராத்திரி அப்பா குடிச்சுட்டு அடிக்கிறதும், மார்க் ஷீட்ல கையெழுத்து வாங்க வேண்டிய நாளும் இப்படி எழுதினாத்தான் கண்ணுல படும்.

"ஏன்டா ஓடினே?"ன்னு கேட்டா தலையைக் குனிஞ்சுக்குவான். "ராத்திரி எங்க படுத்தே? யார் சாப்பாடு வாங்கிக் குடுத்தா? யார் போன்ல பேசினே?"ன்னு கேளுங்க. அடுத்த தடவை எங்க போவான்னு அந்தப் பதில்லயே தெரியும். கேட்கிறவர் வீட்டு ஆளா இருக்க வேண்டாம். நீங்களோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோட ஆற்றுப்படுத்துநரோ கேட்கலாம். கணக்குச் சொல்ல முடியாத காசு, புது போன், பேர் சொல்லாத "அண்ணன்" இதெல்லாம் தெரிஞ்சா வீட்டுல விசாரணை நடத்தாம குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்க. பாலியல் தொந்தரவுன்னு சந்தேகம் வந்தாலே போலீஸுக்குச் சொல்லணும்னு போக்சோ சட்டம் சொல்லுது. ஆசிரியருக்கும் அது பொருந்தும்.

இனிமே போக மாட்டேன்னு சத்தியம் வாங்காதீங்க, அவனால காப்பாத்த முடியாது. "இருக்க முடியலைன்னா அத்தை வீட்டுக்குப் போ"ன்னு ஒரு இடம் பேசி வைங்க. அத்தை சோறு போட்டுப் படுக்க விடணும், கேள்வி கேட்கக் கூடாது. அம்மாவுக்கு ஒரு மெசேஜ் போதும். அன்னைக்கு ராத்திரியே அப்பா போய் இழுத்துட்டு வந்தா அந்த இடம் அவனுக்கு அதோட முடிஞ்சது.

பதில் 2:
ஸ்டேஷன்ல சொன்னது தப்பு. காணாமப் போன குழந்தைன்னு புகார் வந்தா எஃப்.ஐ.ஆர். போடணும்னு 2013 மே மாசம் பச்பன் பச்சாவோ ஆந்தோலன்ங்கிற குழந்தை உரிமை அமைப்போட வழக்குல உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கு. எத்தனாவது தடவைங்கிறது கணக்கே இல்லை. 24 மணி நேரம் காத்திருக்கணும்னு ஒரு விதியும் கிடையாது. எங்க ஸ்டேஷன் எல்லை இல்லைன்னு சொன்னா ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எந்த ஸ்டேஷன்லயும் பதிஞ்சு, அப்புறம் உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புறது) கேளுங்க. எஃப்.ஐ.ஆர். போடாம, மனு வாங்கினதுக்கான சி.எஸ்.ஆர். ரசீதோட அனுப்பினா எஸ்.பி. ஆபீஸுக்கு எழுத்துல மனு குடுங்க.

அம்மா இப்பவே ஒரு கவர்ல எடுத்து வைக்கட்டும்: சமீபத்துப் போட்டோ (யூனிஃபார்ம்ல ஒண்ணு, வீட்டு டிரெஸ்ல ஒண்ணு), உயரம், தழும்பு, போன் பெட்டியில இருக்கிற ஐ.எம்.இ.ஐ. நம்பர் (போனோட அடையாள எண்), கேம் ஐடி, இன்ஸ்டா பேர், நண்பர்கள் நம்பர். போனதும் கூப்பிட வேண்டிய நம்பர்: அவசர உதவிக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098, ரயில்னா ரயில்வே உதவி எண் 139. சி.சி.டி.வி. பதிவு கொஞ்ச நாள்ல அழிஞ்சுடும். அதனால பஸ் ஸ்டாண்ட், கடைப் பதிவை எடுக்கச் சொல்லி முதல் நாளே புகார்லயே எழுதுங்க. சிம்முக்கு ரீசார்ஜ் தீராம பார்த்துக்கங்க. வீட்டுல ஒருத்தர் எப்பவும் இருக்கணும்.

பதில் 3:
மறுபடி கிடைச்சா 24 மணி நேரத்துக்குள்ள (பயண நேரம் சேராம) குழந்தைகள் நலக் குழுகிட்ட கொண்டு போவாங்க. அப்பா அம்மா பக்கத்துல இல்லாம பையன்கிட்ட தனியாப் பேசச் சொல்லி டீச்சரே எழுத்துல கேட்கலாம். பதில் 1-ல சொன்ன அந்தத் தாளோட நகலையும் சேர்த்துக் குடுங்க. வந்த அன்னைக்குச் சாப்பாடு, குளியல், தூக்கம், காயம் இருந்தா டாக்டர். சொந்தக்காரங்க கூடி விசாரிக்கிறதை மட்டும் எப்படியாவது தடுத்துடுங்க. பள்ளியில பிரேயர்ல நிறுத்தி அறிவுரை சொல்றதும் வேண்டாம்.